சாவி அவன் கையில் இருந்தது

— ஸ்பேனரைக் கீழ வைம்மா. இந்த வண்டியை நான் தொட மாட்டேன்னு போன்லயே சொன்னேன்ல?

— சொன்னீங்க மாமா. அதைக் கேட்டுக்கிட்டுதான் லாரியில ஏத்திக் கொண்டுவந்து உங்க பட்டறை வாசல்லயே எறக்கியிருக்கேன்.

— வேற பட்டறையா இல்ல?

— இருக்கு. வேற எவன் தெறந்து பாத்து என்ன சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்களே. நீங்களே தெறங்க, நீங்களே பாருங்க.

— நான் நம்பினா என்ன, நம்பாட்டி என்ன?

— ‘ரெண்டு பேருக்கும் ஆகாது, வேணும்னேதான் ஏத்திட்டான்’னு போலீஸ்ல சொன்னது நீங்க. கோர்ட்டுல கூண்டேறி அதையே சொல்லப் போறதும் நீங்க. அப்புறம் நான் யாருகிட்ட போக?

— செத்தது என் தம்பிம்மா. என் கூடப் பொறந்தவன்.

— எனக்கு மட்டும் அவர் யாரு மாமா, வழிப்போக்கரா? செத்தது என் புருஷன். ஜெயில்ல கெடக்கறது என் கூடப் பொறந்தவன். எந்தப் பக்கம் திரும்பி அழறதுன்னுகூடத் தெரியாம நிக்கறேன்.

— சரி, அழாத. அழாதம்மா. எனக்கு அந்த முன் பம்பரைப் பாக்க முடியல. வேற ஒண்ணும் இல்ல.

— தெரியும். அதான் சாக்கு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருக்கேன். மழையே எல்லாத்தையும் கழுவிடுச்சு. ஆனாலும் கட்டினேன். நீங்க பக்கவாட்டுல நின்னு வேலை பாருங்க.

— பாத்து என்ன ஆகப் போகுது? பிரேக் நல்லா இருக்குன்னு ஆர்.டி.ஓ. ஆபீசர் எழுதிட்டுப் போயாச்சு. பிரேக் நல்லா இருக்கற வண்டி, மலை ஏத்தத்துல முன்னாடி நின்னு வழி காட்டிக்கிட்டிருந்தவன் மேல பாஞ்சு பாறையோட சேத்து நசுக்கியிருக்கு. பின்னாடி உக்காந்திருந்த சவாரிக்காரங்க அத்தனை பேரும் பாத்திருக்காங்க.

— அவங்க பாத்தது வண்டி பாஞ்சதை. ஏன் பாஞ்சுதுன்னு யாரு பாத்தா? அந்த ஆபீசர் பானட்டையே தெறக்கல மாமா. பிரேக்கை மிதிச்சார், எழுதினார், ஜீப்புல ஏறிப் போயிட்டார்.

— உன் தம்பி என்னதான் சொல்றான்?

— பாக்கப் போற ஒவ்வொரு தடவையும் ஒண்ணையேதான் சொல்றான். ‘அக்கா, நான் ஆஃப் பண்ணிட்டேன். சாவியை உருவிட்டேன். சாவி என் கையில இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் வண்டி பாஞ்சுது.’ கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வெறுங்கையை நீட்டிக் காட்டறான், சாவி இன்னும் அங்கயே இருக்கற மாதிரி.

— சாவி கையில இருந்தா வண்டி எப்படிம்மா பாயும்? பொய் சொல்றதுக்கும் ஒரு லட்சணம் வேணாமா?

— அதான் கேக்கறேன். பாயுமா, பாயாதா? பாயவே பாயாதுன்னா உங்க வாயால அதையும் சொல்லிடுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன். இனிமே அவன் மொகத்துல முழிக்க மாட்டேன். அவனுக்கு சோறும் கொண்டு போக மாட்டேன், வக்கீலும் பாக்க மாட்டேன்.

— நெசமாவா சொல்ற?

— நெசமாத்தான். என் புருஷனைக் கொன்னவனா இருந்தா அவன் எனக்குத் தம்பி இல்ல.

— ம். தள்ளு அப்படி. விளக்கை எடுத்துட்டு வா. மேல பிடிக்காத, தோளுக்குக் கீழ பிடி. ஆங்.

— இப்படியா?

— பொறு. மொதல்ல இஞ்சினைக் கையால சுத்திப் பாக்கறேன். ம்... ம்ஹூம். அசைய மாட்டேங்குது. கல்லு மாதிரி பிடிச்சுக்கிட்டிருக்கு.

— அப்படின்னா?

— ஜாம் ஆயிருக்கு. அடிபட்டதுல ஆச்சா, அதுக்கு முன்னாடியே ஆச்சான்னு பாக்கணும். ஏர் ஃபில்டரைக் கழட்டறேன். அந்தத் துணியை எடு.

— இந்தாங்க.

— என் தம்பிகிட்ட எத்தனை தடவை சொன்னேன், இந்த வண்டியைத் தள்ளிட்டு வேற பாருடான்னு. ஆயில் குடிக்கற வண்டி இது. ஏத்தம் ஏறி எறங்கினா ஆயில் எங்க போச்சுன்னு தேடணும்.

— அவர் கேக்க மாட்டார். இதுல ஏறாத மலை இல்லன்னு ஒரு பெருமை. வீட்டுக்குள்ள நொழையறப்பவே அந்தப் பெருமையோடதான் நொழைவார்.

— சின்ன வயசுலயும் அப்படித்தான். ஒடஞ்ச சைக்கிளை வெச்சுக்கிட்டு பந்தயத்துக்குக் கூப்பிடுவான். சரி, அதை விடு. இவங்க ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு? கேட்டா ரெண்டு பேருமே வாயைத் தெறக்கல.

— சொன்னா சிரிப்பீங்க.

— சிரிக்கற நெலைமையிலயா இருக்கேன்? சொல்லு.

— ஒரு நாள் சவாரிக்காரங்க முன்னாடி, ‘என் மச்சான் ஸ்டியரிங் பிடிச்சா எருமை மேய்க்கற மாதிரி இருக்கும்’னு சொல்லிட்டார். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. இவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவேதான். மழைக்காலத்துக்கு முன்னாடி நடந்தது. அன்னையிலேர்ந்து ஒரு வார்த்தை கெடையாது. ஒரே வீடு, ஒரே வண்டி, ஒரே தொழில். பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவாங்க. அவர் சொல்வார், ‘உன் தம்பிகிட்ட சொல்லு, நாளைக்கு சீக்கிரம் கெளம்பணும்னு.’ நான் திரும்பி, ‘டேய், நாளைக்கு சீக்கிரம் கெளம்பணுமாம்’னு சொல்லணும். அவன் சோத்தைப் பாத்துக்கிட்டே, ‘மாமாகிட்ட சொல்லுக்கா, சரின்னு.’ நான் இந்தப் பக்கம் திரும்பி, ‘சரியாம்.’ சோறும் நானே போட்டேன், தபாலும் நானே போட்டேன்.

— கிறுக்குப் பசங்க.

— சேத்து வைக்க நான் பண்ணாத தந்திரம் இல்ல. ஒரு நாள் பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரச் சொல்லி அவர்கிட்ட தனியா சொன்னேன், இவன்கிட்ட தனியா சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே கேட்டு முன்னாடி போய் நிப்பாங்க, பேசித்தானே ஆகணும்னு.

— பேசினாங்களா?

— பாப்பாவோட ஒரு கையை அவர் பிடிச்சுக்கிட்டார், இன்னொரு கையை இவன் பிடிச்சுக்கிட்டான். வீடு வரைக்கும் வாயே தெறக்கல. நடுவுல அது மட்டும் பேசிக்கிட்டே வந்துச்சு. இப்ப அது கேக்குது மாமா, ‘அப்பாதான் சாமிகிட்ட போயிட்டாரு, மாமா எங்க போச்சு’ன்னு.

— பொறு.

— என்ன?

— விளக்கைக் கிட்ட கொண்டுவா. இன்னும். துணியை வைக்காத, வழியட்டும்.

— இது என்ன மாமா, இவ்வளவு ஆயில்?

— இது இங்க இருக்கக் கூடாதும்மா. ஏர் ஃபில்டர்னா காத்து போற வழி. நம்ம மூக்கு மாதிரி. மூக்குக்குள்ள எண்ணெய் ரொம்பிக் கெடக்கு.

— அது தப்பா?

— கேள்வி கேக்காத. கொஞ்ச நேரம் கேள்வியே கேக்காத. பன்னெண்டு ஸ்பேனரைக் குடு. இந்தக் குழாயைக் கழட்டறேன். இதுலயும் இருக்கு. இதோ, இதுக்குள்ளயும். போற வழி பூரா குளிச்சிருக்கு.

— எனக்கு பயமா இருக்கு மாமா.

— எனக்கும்தான். இஞ்சினோட மேல் மூடியை, அந்த ஹெட்டை எறக்கணும். நேரமாகும். பாப்பா எங்க?

— பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்.

— அப்ப அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. கழட்டற போல்ட்டை எல்லாம் தட்டுல வரிசையா வை. கலக்காத.

— சரி.

— அந்த டீயைக் குடிச்சுடு, ஆறுது.

— நீங்க குடிங்க.

— எனக்கு வேணாம். ம்... இது கடைசி. உன் பக்கம் பிடி. தூக்கு. கனமா இருக்கும், காலைத் தள்ளி வெச்சுக்க. ஹூம்! அப்படியே எறக்கு. மெல்ல.

— மாமா, இங்க ஓட்டை இருக்கு.

— தெரியுது.

— ஓட்டை இருக்கணுமா?

— பிஸ்டன் மண்டையில எவனாவது ஓட்டை வைப்பானாம்மா? உருகியிருக்கு. அலுமினியம் மெழுகு மாதிரி உருகி வழிஞ்சிருக்கு பாரு. பக்கத்துல இருக்கறதும் ஒட்டிக்கிச்சு. அதைத் தூக்கி எறக்கற ராடும் வளைஞ்சிருக்கு. ஏத்தத்துல மெதுவா ஏறற வண்டிக்கு இந்தக் கதி வராது. இந்த இஞ்சின் வெறி பிடிச்ச மாதிரி சுத்தியிருக்கு. எவன் காலும் மிதிக்க முடியாத வேகத்துல சுத்தியிருக்கு.

— வெளங்கற மாதிரி சொல்லுங்க.

— சாவி என்ன பண்ணும்? டீசலை நிறுத்தும். டீசல் நின்னா இஞ்சின் நின்னுடும். ஆனா இஞ்சின் தன்னோட ஆயிலையே மூக்கு வழியா உறிஞ்சிக் குடிக்க ஆரம்பிச்சுட்டா, அதுக்கு டீசலே தேவையில்ல. ஆயிலை எரிச்சுக்கிட்டே ஓடும். சாவியைத் திருப்பு, உருவு, தூக்கிக் கெணத்துல போடு. அது பாட்டுக்கு ஓடும். தானா வெடிச்சோ ஜாம் ஆயோதான் நிக்கும்.

— அப்ப அவன் சொன்னது...

— பொறு, பொறு. இஞ்சின் கத்தினது நெசம். சாவிக்கு நிக்காததும் நெசம். ஆனா கிளட்ச்சு காலுக்கடியில இருக்குல்ல? அதை மிதிச்சுக்கிட்டே இருந்திருந்தா இஞ்சின் கத்துமே தவிர வண்டி ஒரு அடி நகராது. இவன் ஏன் காலை எடுத்தான்?

— ஆஃப் பண்ணிட்டேன்னு நெனச்சு எடுத்தான். ஏத்தத்துல வண்டியை ஆஃப் பண்ணினா கியர்லயே விட்டுட்டு கிளட்ச்சை எடுத்துடணும், அப்பதான் பின்னாடி உருளாம இஞ்சினே பிடிச்சுக்கும்னு அவர்தான் இவனுக்கு சொல்லிக் குடுத்தது.

— அவனுக்கு சொல்லிக் குடுத்தது நான்.

— தெரியும் மாமா. அவர் சொல்வார், ‘எங்கண்ணன் பாடம் இது’ன்னு.

— ம். ஆனா காது எங்க போச்சு? இஞ்சின் நின்னுச்சா ஓடுதான்னு தெரியாமயா காலை எடுப்பான்?

— அதையும் சொன்னான். அவர் முன்னாடி நின்னு கையைக் காட்டியிருக்கார், நிறுத்துன்னு. பேச்சு இல்லன்னாலும் அந்தக் கைக்கு மட்டும் கட்டுப்படுவான். உடனே சாவியைத் திருப்பியிருக்கான். சத்தம் ஒரு தடவை அமுங்கிச்சாம். நின்னுடுச்சுன்னு சாவியை உருவிட்டுக் காலை எடுத்தானாம். எடுத்ததுக்கப்புறம்தான் பேய் மாதிரி கத்திக்கிட்டு பாஞ்சுதாம். பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள பாறையில மோதிடுச்சாம்.

— என்ன சொன்ன? அமுங்கிச்சுன்னு சொன்னானா?

— ஆமா. ‘ஒரு தடவை மூச்சு வாங்கின மாதிரி அமுங்கிச்சுக்கா’ன்னு.

— அவனாவே சொன்னானா? வக்கீல் சொல்லிக் குடுத்தாரா?

— வக்கீல் அதைக் காதுலயே போட்டுக்கல. ஏன் மாமா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— டீசல் நின்னு, ஆயிலைப் பிடிச்சுக்கறதுக்கு நடுவுல ஒரு தடவை அமுங்கும்மா. கண்ணை மூடித் தெறக்கற நேரம். அங்க உக்காந்திருந்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். இதை இட்டுக்கட்டிச் சொல்லணும்னா உன் தம்பி என்னைவிடப் பெரிய மெக்கானிக்கா இருக்கணும். அவன் எருமை மேய்க்கறவன்.

— மாமா...

— அவன் கொல்லல.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— கொல்லலம்மா. என் தம்பியை அவன் கொல்லல. நான்தான் போலீஸ்ல போய்... என்னடா பண்ணி வெச்சேன். தூக்கத்துலகூட அவனைத் திட்டிக்கிட்டே கெடந்தேனே. விளக்கைக் கீழ வெச்சுட்டு உக்காரும்மா.

— இருக்கட்டும். பிடிக்கறேன் மாமா. அவர் செத்த துக்கத்துலயும் எனக்கு இன்னைக்கு ஒரு வாய் மூச்சு வருது.

— நாளைக்கே நானும் உன்கூட வக்கீல்கிட்ட வரேன். நான் சொன்னதை நானே மாத்தறேன். இந்த இஞ்சினை இப்படியே மூடி வைக்கறேன், அந்த ஆபீசரைக் கூட்டிட்டு வந்து மூக்கைப் பிடிச்சு உள்ள காட்டறேன். அப்புறம் பையனைப் பாக்கணும். பாத்தா என்ன சொல்றதுன்னுதான் தெரியல.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க வந்தாலே போதும். வண்டி... இது திரும்ப ஓடுமா?

— ஓடும். அடி பிளாக்கு தப்பிச்சிருக்கு. பிஸ்டன், ராடு, லைனர் எல்லாம் புதுசு போட்டா ஓடும். இரும்புக்கு என்னம்மா, மாத்தினா சரியாயிடும். ஒண்ணுதான் எனக்கு இடிக்குது.

— என்ன?

— காத்துக் குழாய்க்குள்ள இவ்வளவு ஆயில் ஏன் வந்துச்சு? குடிக்கற வண்டிதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். இப்படி மொடாக்குடி குடிக்காது. ஆயிலை எறக்கிப் பாக்கலாம். அந்தச் சட்டியை அடியில தள்ளு.

— சரியா இருக்கா?

— ஆங். தெறக்கறேன், மொகத்தைத் தள்ளிக்க.

— வருது.

— வருது... வருது... நிக்கக் காணோமே. சட்டி ரொம்பிடுச்சு! இன்னொரு சட்டி கொண்டா. அந்த வாளியாவது எடு, ஓடு!

— இந்தாங்க, இந்தாங்க.

— ஏ அப்பா. இஞ்சினே உருகற அளவுக்கு எரிச்சும் இன்னும் இவ்வளவு மிச்சமா? ஒரு கேன் பிடிக்கற எடத்துல ரெண்டு கேன் ஊத்தியிருக்கான்ம்மா! சமதரையில ஓட்டினாலே தாங்காது. ஏத்தத்துல வண்டி மொகத்தைத் தூக்கினதும் மொத்த ஆயிலும் பின்னாடி ஒதுங்கி, மூச்சு விடற குழாய் வழியா நேரா காத்துக் குழாய்க்குப் போயிருக்கு. அதான். அதேதான். எந்த முட்டாள் ஊத்தினான் இப்படி? ஆயில் பாக்கற கம்பியை உருவிப் பாத்தா அளவு தெரிஞ்சிருக்குமே.

— அந்தக் கம்பி ஒடஞ்சு போச்சு மாமா. ரொம்ப நாளாவே இல்ல.

— அப்புறம் எப்படித் தெரியும் எவ்வளவு இருக்குன்னு?

— ஏத்தத்துல ஆயில் லைட்டு மினுக்கும். மினுக்கினா மறுநாள் காலையில ஒரு கேன் ஊத்தணும். சரியா இருக்கும். அதான் அவங்க கணக்கு.

— முந்தின நாள் மினுக்கிச்சா?

— மினுக்கிச்சாம்.

— பின் சீட்டுக்கு அடியில என்ன உருளுது? விளக்கை அங்க அடி. எடுத்துட்டு வா அதை.

— காலி கேன்.

— ரெண்டா?

— ...ரெண்டு.

— இங்க குடு. இது மூடி ஒழுங்கா திருகித் தெறந்திருக்கு. இது என் தம்பி. ஒரு சொட்டு சிந்த மாட்டான். இது... இதுல மூடியே தெறக்கல. பக்கத்துல ஸ்க்ரூ டிரைவரால குத்தியிருக்கு.

— என் தம்பி. அவனுக்கு மூடி திருகற பொறுமை கெடையாது.

— ஆளுக்கு ஒண்ணு ஊத்தியிருக்காங்க. ஒருத்தன் ஊத்தினது இன்னொருத்தனுக்குத் தெரியாம. ஒருத்தன் இருக்கற நேரத்துல இன்னொருத்தன் வண்டிகிட்ட வர மாட்டானே. ‘ஊத்திட்டேன்’னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைம்மா. அது வெளிய வரலியே, பாவிப் பசங்களுக்கு.

— போதும் மாமா, மூடிடுங்க.

— ஆனா ஒண்ணு உதைக்குதே. லைட்டு மினுக்கினதைப் பாத்தவன் ஒருத்தன். அவன் ஊத்துவான், சரி. இல்லன்னா மத்தவனை ஊத்தச் சொல்லி வழக்கம் போல உன்கிட்ட சொல்லி அனுப்புவான். எப்படிப் பாத்தாலும் ஒருத்தன்தானே ஊத்தணும்? ஒரே நாள் காலையில ரெண்டு பேருமே எப்படி... ஏம்மா? ஏன் தரையில உக்காந்துட்ட? அங்க பூரா ஆயில், எந்திரி. ஏம்மா, என்னைப் பாரு. யாரு சொன்னா ரெண்டு பேருக்கும்?

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அந்த பானட்டுகிட்ட வந்து நின்னா, ஒரு வார்த்தையாவது பேசிடுவாங்கன்னு நெனச்சேன் மாமா.